மார்க்கண்டு மாமாவின் பிரெஞ்சு

மொன்றியல்
3.12.1985

என் அன்பு மருமகள் சிவமலருக்கு,

மாமா மார்க்கண்டு எழுதுவது. நான் நல்ல சுகம். இந்த ஊர்க் காற்றுக்குத்தான் சுகமில்லை, காய்ச்சல்காரன் போல எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கிறது. உன்னைப் பற்றியும் உன் அம்மா சிவநேசம் அக்காவின் கால் நோவைப் பற்றியும் நாலு வரி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

நான் வந்து இறங்கிய கதையைக் கேள். விமான நிலையத்தில் இருந்த அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இப்படிப்பட்ட ஆட்களைத்தான் இந்த நாடு இவ்வளவு காலமும் தேடிக்கொண்டிருந்தது என்று சொன்னார். என்ன மொழியில் சொன்னார் என்று கேட்காதே. முகத்தைப் பார்த்தால் விளங்காதா?

முதல் இரண்டு கிழமை பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் குணரத்தினத்தோடு இருந்தேன். எங்கள் பஸ் டிப்போவில் டிரைவராக இருந்த கந்தையரின் மகன்தான். எட்டுப் பேருக்கு ஒரு அடுப்பு. பிறகு கோயில்காரர், அதாவது தேவாலயத்துக்காரர், ஒரு பெரிய குடும்பத்துக்கு நம்பிக்கையான ஆள் தேவை என்று வந்து, எட்டுப் பேரையும் வரிசையில் நிற்பாட்டி என்னைத் தெரிவு செய்தார்கள்.

இப்போது நான் செயின்ட்-மிஷேலில் வலன்ரைன் துரையின் மாளிகையில் இருக்கிறேன். பதினான்கு அறை. வாசலுக்கு ஏறும் இரும்புப் படி தேர்ச் சில்லு மாதிரிச் சுற்றிச் சுற்றிப் போகும். துரை ஆபிரிக்காவில் பெரிய மீன் கம்பனி முதலாளியாக இருந்தவர். மனைவி அக்னெஸ் அம்மா இங்கே ஒரு தையல் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்கிறா. மகன் பெயர் பற்றிக், லவால் என்ற ஊரில் வீடு வாங்கியிருக்கிறான். நான் துரையின் அந்தரங்கச் செயலாளர்.

இங்கே பிரெஞ்சு தெரியாதவன் ஊமை. துரை அதைத் தவிர வேறொன்றும் பேசமாட்டார், ஆகவே எனக்கு வீட்டுக்குள்ளேயே பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எப்படிப் படிப்பான் என்று அக்கா சிரிப்பா. கொண்டக்டர் முறையில் படிக்கிறேன் என்று சொல். பருத்தித்துறை பஸ்ஸில் ஏறிய முதல் நாள் பஸ் நிற்கும் எல்லாத் தரிப்பையும் எப்படிப் பாடமாக்கினேனோ அப்படித்தான் சொற்களையும். நாளுக்குப் பத்துத் தரிப்பு. வரிசை பிசகாமல் கத்திச் சொல்லவேணும்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பள்ளி விடுமுறையில் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் இருந்து, நான் ஒரு தரிப்பைச் சொல்ல முதலே நீ அடுத்ததைச் சொல்லிவிடுவாய். சனம் என்னை விட்டு உன்னைக் கேட்டு இறங்கும். அந்த மணிக் கயிற்றை ஒரே ஒரு தரம் இழுக்கவிடு என்று நச்சரிப்பாய். ஒன்றடித்தால் நில், இரண்டடித்தால் போ என்று அப்போதே உனக்குத் தெரியும்.

அக்காவிடம் நான் கொழுத்துவிட்டேன் என்று சொல்.

உன் மாமன்
மார்க்கண்டு


கோண்டாவில்
11.1.1986

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் பொங்கலுக்கு முன்னமே வந்து சேர்ந்தது பெரிய காரியம். நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் கால் மழைக்கு நோகும், வெயிலுக்கு மறக்கும். உங்கள் பதினான்கு அறையையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எல்லாத்தையும் அவன்தான் கூட்டுறானோ எண்டு கேள்" என்றா.

மாமா, ஒரு முக்கியமான விஷயம். போன மாதம் எங்கள் ஒழுங்கையில் நடந்ததைப் பற்றிக் கடிதத்தில் எழுதவேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டா. அதற்குப் பிறகு அவ என்னை இங்கே வைத்திருக்கப் பயப்படுகிறா. கியூபெக்குக்கு ஆள் எடுக்கும் அதிகாரி ஒருவர் ஆடி மாதம் கொழும்புக்கு வருகிறாராம். விண்ணப்பம் போட்டேன், ஜூலை 22 என்று நாள் தந்திருக்கிறார்கள். பிரெஞ்சு தெரிந்தால் புள்ளி கூட. அங்கே தங்க ஒரு வீடும் காட்டவேணும். என் படிப்பையும் வயதையும் கூட்டிப் பார்த்தால் பிரெஞ்சு இல்லாமல் தேறாது போல இருக்கிறது. இந்த முறை தவறினால் இன்னொரு முறை இருக்குமா தெரியாது.

உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? கடிதத்துக்குக் கடிதம் பத்துத் தரிப்பு அனுப்புவீர்களா? தமிழ் எழுத்தில் எழுதினால் போதும். நான் ஜன்னலோரம் இருந்து படித்துக்கொள்வேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரியுங்கள்.

அன்புடன்
மலர்


மொன்றியல்
9.2.1986

அன்பு மருமகளே,

உன் கடிதத்தை வாசித்து எனக்கு உடம்பு பூரித்துவிட்டது. சுகத்துக்குக் குறைவில்லை. அக்காவின் காலுக்கு இங்கே ஒரு தைலம் இருக்கிறது, பூசினால் கிழவர்களே ஓடுவார்கள். ஆள் கிடைத்தால் அனுப்புவேன்.

ஆடி என்றாலென்ன ஆவணி என்றாலென்ன, உன்னைப் பிரெஞ்சில் பிளந்து கட்ட வைக்கிறேனா இல்லையா பார். அந்த அதிகாரி உன்னிடம் பாடம் கேட்கவேண்டி வரும்.

முதல் ஓட்டம் இது. காலையில் ஆளைக் கண்டால் ஹூயா மோரா. நன்றிக்கு டாங்கி, மிச்சம் நன்றியென்றால் பாயா டாங்கி. தயவுசெய்து என்பது ஆசபிளீஃப். வா என்றால் கொம். மெதுவாக என்பது ஸ்டாடிஹ். நோகுதா என்று கேட்க சேர். வாயைத் திற என்பது மாக் ஓப். அந்தப் பக்கம் திரும்பு என்பது டிராய் ஓம். மீன் ஃபிஸ். நல்லாய் நித்திரை கொள் என்பது ஸ்லாப் லெக்கர். வயதுக்கு மூத்த ஆண்களை ஓம் என்று கூப்பிடவேணும். ஆகவே நான் தமிழ்ப் பழக்கத்தில் எதற்காவது ஆமென்பதற்கு ஓம் என்றால் துரை தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்ப்பார்.

இன்னொரு புதினம். இந்தப் பிரெஞ்சுக்காரன் எங்களிடம் களவெடுத்திருக்கிறான் பிள்ளை. போஞ்சிக்காய்க்கு இவர்கள் சொல்வது போயிஞ்சி. உத்தியோகக் கந்தோருக்கு கன்டூர். மேசை லாச்சிக்கு லாய். கக்கூசுக்குக்கூடச் சொந்தமாக ஒரு சொல் இல்லை, எங்களுடையதைத்தான் கொஞ்சம் நெளித்து வைத்திருக்கிறார்கள். அதை நான் சத்தமாகச் சொன்னபோது அக்னெஸ் அம்மா, அது மரியாதையான ஆட்கள் சொல்லும் சொல்லில்லை என்று கண்டித்துவிட்டா. அதுவும் எங்கள் ஊர் மாதிரித்தான்.

ஒன்று மட்டும் கவனம். மூலையில் இருக்கும் தெப்பனேர் என்கிற சில்லறைக் கடைக்காரியிடம் நான் பேசினால் அவளுக்கு விளங்காது. அவள் பேசுவது எனக்கு விளங்காது. முதலில் குழம்பினேன், பிறகு பிடிபட்டுவிட்டது. எங்களுக்குப் புத்தகத்தில் ஒரு தமிழ், சந்தையில் ஒரு தமிழ் இருக்கிறதல்லவா? அவள் பேசுவது சந்தைப் பிரெஞ்சு. துரை வீட்டில் பேசுவது இலக்கணப் பிரெஞ்சு. செயின்ட்-மிஷேலில் இருக்கும் ஹெயிட்டிக்காரரும் சந்தைப் பிரெஞ்சுதான். உனக்கு நான் அனுப்புவது முதல் தரமானது, தைரியமாகப் படி.

அன்பு மாமன்
மார்க்கண்டு


கோண்டாவில்
20.3.1986

அன்புள்ள மாமா,

முதல் பாடமும் பிறகு தனியாக அனுப்பிய இரண்டாவதும் வந்தன. நாங்கள் சுகம். கால் நோவுக்கு உங்கள் தைலத்தின் கதையே போதுமென்று அம்மா சொல்கிறா.

வீட்டில் வேலை செய்துகொண்டே தரிப்புகளைக் கத்துகிறேன். அம்மாவும் கற்றுவிட்டா. நேற்றுப் போஞ்சிக்காரியிடம் பாயா டாங்கி என்றா, அவள் காசு குறைந்துவிட்டதாக்கும் என்று எண்ணிப் பார்த்தாள்.

மாமா, கொன்வென்டில் எனக்குப் படிப்பித்த சிஸ்டர் றோசலினை உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய சபை பிரான்சில் தொடங்கியது, சிஸ்டர் இளவயதில் பிரெஞ்சு படித்தவ. உங்கள் பாடங்களைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னா. "உம்மடை மாமா ஆரோடை இருக்கிறார்?" என்று மட்டும் கேட்டா. தன்னுடைய பழைய பாடப்புத்தகத்தைத் தந்து, வெள்ளிக்கிழமைகளில் வரச் சொன்னா. அதையும் படிக்கிறேன். இரண்டும் கொஞ்சம் வித்தியாசமாகத்தான் இருக்கின்றன. நீங்கள் சொன்னது போல் புத்தகத்தில் ஒன்று, வீட்டில் ஒன்றாக இருக்கும்.

ஆனால் நீங்கள் நிறுத்தவேண்டாம். உங்கள் தரிப்புகள் எனக்கு வேணும்.

கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். இரண்டாவது பாடத்திலும் கையைத் தூக்கு, கொஞ்சம் தண்ணீர் குடி, பயப்படாதே, முடிந்துவிட்டது என்றுதான் பாதிச் சொற்கள். ஒரு முதலாளிக்கும் செயலாளருக்கும் இடையில் இவ்வளவு தண்ணீர் எதற்கு? துரை எழும்பி நடக்கிறவரா மாமா? அவரைப் பற்றி எழுதுங்கள்.

அன்புடன்
மலர்


மொன்றியல்
18.4.1986

அன்பு மலருக்கு,

பனி கரைந்து தெருவெல்லாம் சேறு. நான் அதிலும் சுகமாகத்தான் நடக்கிறேன். உங்கள் இருவரையும் நல்லூரான் பார்த்துக்கொள்வான் என்று அவனிடம் பொறுப்புக் கொடுத்திருக்கிறேன்.

சிஸ்டரின் புத்தகம் எந்தக் காலத்துப் புத்தகமோ. படி, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் உயிருள்ள மனுசன் வாயிலிருந்து வருவதுபோல் இருக்காது.

துரை நடப்பதற்கென்ன, மனம் வந்தால் ஓடுவார். கொஞ்ச நாளாக மனம் வருவதில்லை. இரண்டு வருசத்துக்கு முன் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. தெரிந்த இங்கிலிஷ் எல்லாம் அன்றைக்கே போய்விட்டதாம், தாய்மொழி மட்டும் மிச்சம். அக்னெஸ் அம்மா அவரோடு இங்கிலிஷில் பேசுவா, அவர் சுவரைப் பார்ப்பார். அவர் தன் மொழியில் பேசுவார், அக்னெஸ் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பா. பற்றிக் ஞாயிறுகளில் வந்து தகப்பனின் நெற்றியைத் தடவிவிட்டுப் போவான். ஆகவே ராசசபையில் பேசுவதற்கு நான் ஒருவன்தான்.

அவருடைய ஊர் ஆபிரிக்காவின் அடியில் இருக்கும் கேப்டவுன். தெருத் தெருவாக வண்டியில் மீன் விற்றவர். கம்பனி என்று எழுதினேனா? வண்டிக் கம்பனி என்று வைத்துக்கொள். மீன் வந்துவிட்டதென்று ஒரு தகரக் கொம்பை ஊதுவாராம். சில நாள் வாயைக் குவித்து அந்தச் சத்தம் போடுவார்.

பின்னேரம் மூன்று மணி ஆனால் ஒரே வசனம்தான். "எக் வில் ஹேஸ் டூ ஹான்." வீட்டை போகவேணும் என்று அர்த்தம். இதுதான் வீடு என்று சொன்னால் அழுவார். ஒருநாள் என்ன செய்வதென்று தெரியாமல் கரண்டியை எடுத்துக் கோப்பையில் இரண்டு தரம் தட்டிவிட்டு, "முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ" என்று சத்தம் வைத்தேன். மனுசன் நிமிர்ந்து இருந்துவிட்டார். பஸ் புறப்பட்டது பிள்ளை. அவர் தன் ஊர்த் தரிப்புகளை ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் திருப்பிக் கத்தினேன். மூன்று படிச் சந்தி. மணிக்கூட்டு முடுக்கு. மீன் துறை. பதினொரு தரிப்பு. கடைசித் தரிப்புக்குப் போக முதல் நித்திரையாகிவிடுவார். கண் திறந்து, வீடு வந்துவிட்டதா என்று கேட்டால் "மோரா, ஓம்" என்பேன். நாளைக்கு, பெரியவரே என்று அர்த்தம். அது அவருக்குப் போதும்.

உனக்கு இந்த முறை அந்த வசனம்தான் பாடம். கஷ்டமான வசனம், ஆனால் ஒருக்காப் பிடித்தால் விடாது.

அடுத்த மாதம் அரசாங்கத்தின் பிரெஞ்சு வகுப்பில் பெயர் பதியப் போகிறேன். படிக்க அல்ல. என் திறமையைப் பார்த்து அவர்களே என்னை வாத்தியாராக வைத்துக்கொண்டாலும் கொள்வார்கள்.

மாமன்
மார்க்கண்டு


கோண்டாவில்
8.6.1986

அன்புள்ள மாமா,

சுகமாக இருக்கிறீர்களா? ஏழு கிழமையாக ஒரு வரிகூட இல்லை. தபால் தாமதம் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், ஆனால் குணரத்தினத்தாரின் கடிதம் போன கிழமை அவர்கள் வீட்டுக்கு வந்தது. அதில் நீங்கள் நலம் என்று இருந்ததாம். வேறொன்றும் இல்லையாம்.

இங்கே ஷெல் விழும் நாட்களில் அம்மா என்னைக் கட்டிலுக்குக் கீழே போகச் சொல்லிவிட்டுத் தான் அடுப்படியில் நிற்கிறா. நேர்முகத்துக்கு இன்னும் ஆறு கிழமை. வீட்டு விலாசம் காட்ட உங்களிடமிருந்து ஒரு தாள் வரவேணும். பாடம் வராவிட்டாலும் பரவாயில்லை மாமா. கடிதம் வரட்டும்.

பெரியவருக்கு என் ஹூயா மோராவைச் சொல்லுங்கள்.

மலர்


மொன்றியல்
24.6.1986

அன்பு மலர்,

சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை. இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்தேன். எங்கள் பக்கத்துக்கு இந்த மாதம் மெட்ரோ திறந்தார்கள், எனக்காகத்தான் திறந்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதினேன். அதையும் கிழித்துவிட்டேன்.

பிள்ளை, நான் உனக்கு அனுப்பியது பிரெஞ்சு இல்லை.

மே மாதம் அந்த வகுப்புக்குப் போனேன். முப்பது பேர் இருந்தார்கள். எவ்வளவு தெரியும் என்று வாத்தியாரம்மா கைச் சாடையால் கேட்டா. முழுக்கத் தெரியும் என்று முன்னுக்குப் போய் நின்று, ஓட்டம் ஓட்டமாக எல்லாத் தரிப்பையும் சொன்னேன். வாத்தியாரம்மா பக்கத்து அறையிலிருந்து இன்னொருவரைக் கூட்டிவந்தா, அவர் ஒல்லாந்து மொழியும் தெரிந்த பெல்ஜியத்துக்காரர். திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இது எங்கட யாழ்ப்பாணக் கோட்டையைக் கட்டின ஒல்லாந்தரின் மொழிக்குச் சொந்தக்கார மொழியாம். ஆபிரிக்கான்ஸ் என்று பெயராம், கேப்டவுன் பக்கத்தில் பேசுவதாம். எங்கட போஞ்சியும் கந்தோரும் லாச்சியும்கூட அந்த ஒல்லாந்தன் விட்டுவிட்டுப் போனவைதானாம். பிரெஞ்சுக்காரனைக் கள்ளன் என்று எழுதினேன். அவனுக்கு ஒன்றுமே தெரியாது, பாவம். வாத்தியாரம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு கதிரையை இழுத்து என்னை இருத்திவிட்டு, பலகையில் முதல் எழுத்திலிருந்து தொடங்கினா.

குணரத்தினத்துக்குச் சொன்னேன். "அண்ணை, நீங்கள் ரிக்கற் வெட்டினது சரி. ஏறினதுதான் பிழையான பஸ்" என்றான். எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அக்னெஸ் அம்மா சமையலறையில் இருந்தா. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். கையில் இருந்த கோப்பையைக் கழுவி முடித்துத் துடைத்து வைத்த பிறகுதான் வாய் திறந்தா. இங்கிலிஷில்தான் சொன்னா, எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

"உனக்குச் சொன்னால் நீ நிப்பாட்டிப்போடுவாய். அவருக்குக் கதைக்க வேறை ஒருத்தரும் இல்லை."

நீங்கள் பேசலாமே என்றேன்.

"அந்த மொழியிலைதான் பொலிஸ்காரன் எங்கட வாசல்லை நிண்டு கடிதம் வாசிச்சவன். இந்தத் தெரு இனி வெள்ளைக்காரருக்கு, வெள்ளையில்லாத நீங்கள் போங்கோ எண்டு. கப்பல் ஏறின அண்டைக்கு அதைக் கடலுக்கை போட்டுட்டன். அவர் போடேல்லை."

எனக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடும் என்பது உனக்குத் தெரியும், அநுராதபுரம் வரை ரிக்கற் வெட்டியவன். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஒரு சொல் என் வாயில் வரவில்லை.

உன்னுடைய ஆறு மாதத்தை நான் தின்றுவிட்டேன். இனி என்ன செய்வது? சிஸ்டரின் புத்தகத்தைப் பிடித்துக்கொள், என்னுடைய கடிதங்களை எரித்துவிடு. நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். உன் கதையை அக்னெஸ் அம்மாவிடம் முழுக்கச் சொன்னேன், கூட்டாமல் சொன்னேன். பிள்ளைக்கு என் வீட்டில் இடம் உண்டு என்று அவ கையெழுத்திட்ட தாள் இதோடு இருக்கிறது. தபால் நேரத்துக்கு வரவேணுமென்று நேர்த்தி வைத்திருக்கிறேன்.

மார்க்கண்டு


கொழும்பு
26.7.1986

என் அன்பு மாமா,

நான் சுகமாகக் கொழும்பு வந்து நேர்முகமும் முடிந்தது. அம்மா நீங்கள் நினைப்பதைவிடச் சுகம். அக்னெஸ் அம்மாவின் தாள் நான் பஸ் ஏறுவதற்கு முதல்நாள் வந்தது. உங்கள் நேர்த்தியைத் தீர்த்துவிடுங்கள்.

மாமா, எனக்கு மார்ச் மாதமே தெரியும். சிஸ்டர் றோசலின் இரண்டாவது தரம் கேட்ட உடனேயே சொல்லிவிட்டா, இது பிரெஞ்சு இல்லைப் பிள்ளை, என்ன மொழியென்று எனக்கும் தெரியேல்லை என்று. நான் உங்களுக்கு எழுதவில்லை. எழுதினால் நீங்கள் கடிதத்தை நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்தேன். அக்னெஸ் அம்மா செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். இரண்டு பேரையும் மன்னித்துவிடுங்கள். கடிதங்களை எரிக்கவில்லை.

அந்த அதிகாரி வயதான மனிதர். பிரெஞ்சில் பத்துக் கேள்வி கேட்டார். ஏழுக்குப் பதில் சொன்னேன், இரண்டுக்கு உளறினேன், ஒன்று விளங்கவேயில்லை. முடிந்ததென்று எழும்பும்போது வாய் பழக்கத்தில் பாயா டாங்கி என்றுவிட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, இதென்ன மொழி என்று கேட்டார். மறைக்கத் தோன்றவில்லை. இங்கிலிஷில் முழுவதையும் சொன்னேன், புத்தகத் தமிழும் சந்தைத் தமிழும் உட்பட. பஸ் கதைக்கு வந்தபோது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கள் மாமா இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறாரா?" என்று கேட்டார். பிழை என்று தெரிந்த பிறகும் அங்கேயே இருக்கிறார் என்றேன். ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. முடிவு வர மாதக்கணக்காகுமாம்.

இருக்கிறீர்கள்தானே மாமா?

மலர்


மொன்றியல்
19.10.1986

அன்பு மலர்,

நான் சுகம். இங்கே மரமெல்லாம் சிவந்து கொட்டுகிறது. அக்காவுக்கும் உனக்கும் என்னிடமிருந்து ஒரு கவலையான சேதி.

இருந்தேன் பிள்ளை. காலையில் வகுப்புக்குப் போய் பிரெஞ்சின் அ, ஆ படித்துவிட்டுப் பின்னேரம் பெரியவரிடம் வந்துவிடுவேன். வாத்தியாரம்மா என்னைப் பற்றிச் சொல்வது, நான் மோசமில்லை என்பதுதான். அதற்கு மேல் அவ ஒன்றும் சொல்லவில்லை.

இந்த மாதம் இரண்டாம் திகதி பின்னேரம், வழக்கம்போல மூன்று மணிக்கு, வீட்டை போகவேணும் என்றார். சத்தம் இல்லை, உதடு மட்டும்தான். அன்றைக்கு எனக்கு மோரா என்று சொல்ல வாய் வரவில்லை. "வண்டாஹ், ஓம்" என்றேன். இன்றைக்கு, பெரியவரே. கோப்பையில் இரண்டு தட்டுத் தட்டினேன். மீன் துறை வரை என் கையைப் பிடித்திருந்தார். அதற்குப் பிறகு நான்தான் பிடித்திருந்தேன். கடைசித் தரிப்பு வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் அக்னெஸ் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

அடக்கத்தில் பற்றிக் என்னிடம் வந்து, அப்பாவின் மொழியில் ஏதாவது சொல்ல எங்களில் ஆள் இல்லை, நீங்கள் சொல்வீர்களா என்று கேட்டான். எனக்குச் செபம் தெரியாது. எனக்குத் தெரிந்தது தரிப்புகள்தான். குழிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூன்று படிச் சந்தி. மணிக்கூட்டு முடுக்கு. மீன் துறை. எட்டாவது தரிப்புச் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தேன். ஒன்பதாவது என்னவென்று மறந்துவிட்டது. இத்தனை மாதம் கத்திய தரிப்பு, பருத்தித்துறை வழியில் ஒருநாளும் எனக்கு அப்படி நடந்ததில்லை.

பின்னாலிருந்து அக்னெஸ் அம்மா சொன்னா. அந்த மொழியில், தெளிவாக. ரோசாத் தோட்ட முடுக்கு.

அவர்கள் குடியிருந்த தெரு பிள்ளை. அங்கிருந்து கடைசி வரை அவதான் சொன்னா. பற்றிக் தாயை அன்றைக்குத்தான் முதல் தரம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான்.

உன் முடிவு என்னவாயிற்று? குணரத்தினம் என்னைத் திரும்பிப் பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு வரச் சொல்கிறான். இன்னும் பதில் சொல்லவில்லை.

மாமன்
மார்க்கண்டு


கொழும்பு
20.11.1986

அன்புள்ள மாமா,

நான் ஊரில் நின்றபோது வந்த உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அம்மா அன்று முழுவதும் அடுப்பு மூட்டவில்லை. பார்த்திராத மனிதருக்காக வீட்டில் விளக்கு வைத்தோம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவு வந்துவிட்டது மாமா. எடுத்துவிட்டார்கள். டிசம்பர் 20 அன்று மிராபெல் விமான நிலையத்தில் இறங்குகிறேன். அக்னெஸ் அம்மா இன்னும் என்னை வைத்திருக்கச் சம்மதிப்பாவா? முதலில் அதைக் கேட்டு எழுதுங்கள்.

அம்மா வரவில்லை. எவ்வளவு கெஞ்சியும் கால் நோவைக் காரணம் காட்டிவிட்டா. யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறும்போது ஜன்னலுக்குக் கீழே நின்று, "எப்ப பிள்ளை வீட்டை வருவாய்?" என்று கேட்டா. நான் "நாளைக்கு அம்மா" என்றேன். அவவுக்கும் அது போதுமாக இருந்தது. கொண்டக்டர் மணியை இரண்டு தரம் அடித்துவிட்டான்.

ஒரு உண்மை சொல்லுங்கள் மாமா. அந்த வீட்டில் எத்தனை அறை?

உங்கள்
மலர்


மொன்றியல்
4.12.1986

என் மருமகள் மலருக்கு,

இந்தக் கடிதம் உன்னைப் பிடிக்குமோ தெரியாது, பிடித்தால் நல்ல சுகத்தோடு பிடிக்கட்டும். அக்காவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

மூன்று அறை. ஒன்று அக்னெஸ் அம்மாவுடையது, அவ தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்வதில்லை, அதில் சட்டைக்குக் கழுத்துப் பட்டி தைக்கிறா. ஒன்று என்னுடையது, அதற்கு ஜன்னல் இல்லை. மற்றது பெரியவருடையது. அதற்கு ஜன்னல் உண்டு, நீ அதில்தான் படுக்கப் போகிறாய். சுவருக்குப் புதுப் பூச்சுப் பூசி, திரைச்சீலை தைத்துப் போட்டிருக்கிறா. நான் பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போகவில்லை என்று குணரத்தினத்துக்குச் சொல்லிவிட்டேன்.

மிராபெல்லுக்குப் பற்றிக் காரோடு வருவான். தடித்த மேலங்கி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், உனக்குக் கொஞ்சம் பெரிசு. பச்சை நிறம். பஸ் நிறமென்று வாங்கினேன்.

நேற்று அக்னெஸ் அம்மா, வருகிற பிள்ளைக்கு எங்கட பேச்சில் எத்தனை சொல் தெரியும் என்று என்னைக் கேட்டா. இருநூறு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பிறகு இருந்து எண்ணினேன். நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்று என்றே சொன்னேன்.

போதும் என்றா.

இன்று காலை கோப்பி ஊற்றிக்கொண்டு நின்றவ, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "ஹூ லாட் கொம் டி கின்ட்?" என்று கேட்டா. பிள்ளை எத்தனை மணிக்கு வரும் என்று அர்த்தம். இன்னும் பதினாறு நாள் கிடக்கிறது என்று அவவுக்குத் தெரியும். அந்த மொழியில் பதினாறு என்று சொல்ல எனக்குத் தெரியாது.

கரண்டியை எடுத்துக் கோப்பையில் இரண்டு தரம் தட்டினேன்.

உன் மாமன்
மார்க்கண்டு